ஆரூரனின் காலடித் தண்ணீர்

நாரந்தனை ஆரூரன் வேலைக்குப் போகும் காலைகளில் நான்கு மாட்டுப் பாரம் இருந்தான். வேலை முடிந்து வரும் மாலைகளில் எல்லோரையும் போல இருந்தான். நெடுந்தீவுக்குப் போகும் சாமான்களை நிறுப்பதற்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு மேடைத் தராசு உண்டு. அதில் அவனை இரண்டு வேளையும் ஏற்றிப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாலையில் முள் அறுபத்திரண்டு கிலோவில் நின்றது. காலையில் கடைசிக் கோட்டையும் தாண்டி இரும்பில் முட்டி நின்றது. நான்கு மாடு என்ற கணக்கு படகுக்காரர் சந்தியோகுவுடையது. மாடு ஏற்றிப் பழகியவர் அவர். எத்தனை மாட்டுக்குப் படகு எவ்வளவு தாழும் என்பது அவருக்குத் தெரியும். பாரம் உடம்பில் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆரூரனின் இடுப்புப் பட்டி காலையிலும் மாலையிலும் ஒரே துளையில்தான் பூட்டியிருந்தது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் ஊரார் அதைத் தேடி ஒரு வருடத்தை வீணாக்கினார்கள். ஆரூரனுக்கு வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை. நெடுந்தீவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் அவனுக்கு உத்தியோகம். எந்தத் திணைக்களம் என்பது இங்கே முக்கியமில்லை. மேலதிகாரி நிருபன் அவனைவிட இரண்டு வயது இளையவர், ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசாதவர். பத்து மணிக்குப் பால்தேநீர் வரும். மின்விசிறி அவனுடைய மேசைக்கு நேர் மேலே சுற்றும். அவனுக்குள் ஒரு பாட்டுக்காரனோ சிற்பியோ ஒளிந்திருந்து வெளியே வரத் துடிக்கவும் இல்லை. ஒரு கந்தோரிலிருந்து வரும் கடிதத்தைப் பிரதி எடுத்து, அது உண்மைப் பிரதிதான் என்று உறுதிப்படுத்தி, இன்னொரு கந்தோருக்கு அனுப்புவது அவனுடைய வேலை. அந்தக் கந்தோர், கிடைத்தது என்று பதில் எழுதும். அந்தப் பதிலையும் பிரதி எடுக்க வேண்டும். இதைச் செய்வது கடினமில்லை. கடினமாக இருந்திருந்தால் அதை வெறுப்பதற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

இந்த உத்தியோகத்துக்காகவே அவன் முன்பு யாழ்ப்பாணத்தில் வேலையற்ற பட்டதாரிகளின் கூடாரத்தில் ஒரு கோடைகாலம் முழுவதும் குந்தியிருந்தவன். கோசம் போடுவதில் அவனுடைய குரல்தான் முதற்குரல். நியமனம் கிடைத்தபோது தகப்பன் கதிர்காமு அயலுக்கெல்லாம் கற்கண்டும் வாழைப்பழமும் கொடுத்தார். வேலை கிடைக்க வேண்டும் என்பதும் வேலைக்குப் போக வேண்டும் என்பதும் இரண்டு வேறு விருப்பங்கள் என்பதை அந்தக் கூடாரத்தில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. முதலாவது அவனிடம் நிறைய இருந்தது. இரண்டாவது இருக்கவேயில்லை. வீட்டில் நிற்கும் நாட்களில் அவன் கிணற்றடியில் குந்தியிருந்து, வாழைக்குப் பாயும் தண்ணீர் வாய்க்காலில் ஒரு கல்லைக் கண்டு எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குச் சம்பளம் கொடுப்பவர் யாரும் இல்லை.

பாரம் ஏறும் முறை ஒழுங்கானது. ஞாயிறு பின்னேரம், தேநீர் குடித்த கையோடு, கட்டில் ஒருமுறை முனகும். அதுதான் தொடக்கம். திங்கள் காலை மோட்டார் சைக்கிளில் வங்களாவடிச் சந்திக்குப் போவதற்குள் பின் சில்லு பாதி தட்டையாகிவிடும். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ் வண்டியில் ஏறுவான். புங்குடுதீவுக்குப் போகும் கடற்பாலத்தில் பஸ் அவனுடைய பக்கம் சாயும். நடத்துனர் அவனை நடுவில், பின் அச்சுக்கு மேலே நிற்கச் சொல்வார். குறிகட்டுவானில் இறங்கும்போது பாரம் முழுதாக ஏறியிருக்கும். பின்னேரம் திரும்பும்போது, கந்தோர் வாசலில் விரல் வைக்கும் இயந்திரம் பீப் என்ற அந்தக் கணத்தில், எல்லாம் இறங்கிவிடும். வைத்தியரிடம் காட்டலாம் என்றால் அதற்கு லீவு எடுக்க வேண்டும். லீவு எடுத்த நாளில் அவனுக்குப் பாரமும் இருக்காது, வருத்தமும் இருக்காது. இரண்டு முறை போய், இரண்டு முறையும் சுகதேகி என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டான்.

முதலில் சண்டைக்கு வந்தவர் சந்தியோகு. ஒரு படகு கவிழ்வது மொத்தப் பாரத்தால் மட்டுமல்ல, அந்தப் பாரம் எங்கே இருக்கிறது என்பதாலும்தான். நூறு பேரை ஏற்றிய படகு நேராகப் போகும். இருபது பேர் ஒரே பக்கத்தில் எழுந்து நின்று மீனைப் பார்த்தால் அது படுத்துவிடும். ஆரூரன் வழக்கம்போலப் படகின் விளிம்பை ஒட்டிய கரையோர இருக்கையில் போய் இருந்த ஒரு திங்கட்கிழமை, படகு அந்தப் பக்கம் சரிந்து அங்கே இருந்த ஆசிரியைகளின் மடியில் தண்ணீரை அள்ளி ஊற்றியது. சந்தியோகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

“தம்பி, பையுக்குள்ள என்ன, சீமெந்தோ?”

“புட்டு, அண்ணை.”

“ஆர் அவிச்சது?”

“மனிசி.”

“அப்ப தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடப் போடச் சொல்லும். படகு தாழுது.”

பையைத் திறந்து பார்த்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்தான் இருந்தன. தராசில் ஏற்றிப் பார்த்தது அதற்கு அடுத்த நாள். அதன் பிறகு ஆரூரனுக்குப் படகில் ஒரு நிரந்தர இடம் கிடைத்தது: நடுவில், அடித்தட்டில், சாக்கு விரித்த இடத்தில், ஒரு பக்கமும் அசையாமல். மற்றவர்கள் மேலே இருந்து கடலைப் பார்த்தபடி போக, அவன் கீழே இருந்து மற்றவர்களின் செருப்புகளைப் பார்த்தபடி போனான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிடித்த மாதங்களில் அந்தப் படகு மற்றப் படகுகளைவிடக் குறைவாக ஆடியது. அடியில் பாரம் இருந்தால் படகு ஆடிய பிறகும் தானாக நிமிரும். வாந்தி எடுக்கும் தாதி ஒருத்தி அவனுக்கு நன்றி சொன்னாள். அவனுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. மனிதனாக ஏறி நங்கூரமாகப் போய்ச் சேருவதாக அவன் நிலாந்தினியிடம் சொன்னான்.

நிலாந்தினி அவனுடைய மனைவி. நாரந்தனையில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. அவள் சொன்னது, “குடையைக் கொண்டுபோங்கோ” என்பது மட்டும்தான்.

நெடுந்தீவில் மாவிலித்துறையிலிருந்து கந்தோருக்குப் போகும் வீதிக்கு அந்த வருடம் புதிதாகக் கொங்கிறீற் போட்டார்கள். ஆரூரன் அதில் ஒரு கிழமை, திங்கள் முதல் வெள்ளிவரை, நடந்தான். அவன் கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் போல நொறுங்கியது. போன பாதை அப்படியே தெரியும். வந்த பாதைக்கு அடையாளமே இருக்காது, ஏனென்றால் வரும்போது அவனுக்குப் பாரம் இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் தீவுக்குள் போய்த் திரும்பாமலே விட்டது போல இருந்தது. வீதி போட்ட ஒப்பந்தக்காரர் முறைப்பாடு செய்தார். நிருபன் அவனைக் கூப்பிட்டு, மிகவும் பணிவாக, இனிமேல் வீதியால் வராமல் மாடும் குதிரையும் மேயும் புல்தரையால் வர முடியுமா என்று கேட்டார். சுற்றுவழி. வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரமும் இல்லை. ஏலாது என்ற சொல் ஆரூரனின் வாய்வரை வந்தது, ஆனால் சரி என்று தலையாட்டினான். அன்றைக்கு அவன் ஐந்து மாட்டுப் பாரம் இருந்திருக்க வேண்டும் என்று சந்தியோகு பின்பு மதிப்பிட்டார்.

புல்தரையில் அவனுடைய கால் முழங்கால் வரை இறங்கியது. ஒரு காலைப் பிடுங்கி எடுத்து முன்னே வைப்பான், அது இறங்கும். பிறகு மற்றக் காலைப் பிடுங்குவான். கந்தோருக்கு வந்து சேரும்போது பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்திருப்பார்கள், கால் கழுவ. இப்படி இரண்டு கிழமை போன பிறகு அன்னமுத்து வந்தாள். அவள் சந்தியோகுவின் மனைவி. கணவனுக்குக் கடல், அவளுக்கு மாடு. பதினெட்டு மாடு அந்தப் புல்தரையில் மேய்ந்தன. அவள் கந்தோர் யன்னலில் நின்றபடியே கேட்டாள்.

“கந்தோர்க்காரர் எண்டால் கண் தெரியாதோ? வழி நெடுகக் கிடங்கு. என்ரை பசுக்கண்டு கால் வைச்சு முறிஞ்சால் ஆர் பதில் சொல்லுறது, உம்மட அரசாங்கமோ?”

ஆரூரன் மன்னிப்புக் கேட்டான். பறந்து வர ஏலாது அக்கா என்றும் சொன்னான். அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போய், அவன் கால் பதித்த குழிகளான அந்தக் கிடங்குகளைக் காட்டினாள். அவர்கள் போனபோது கன்று ஒரு காலடிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. முறிவு ஒன்றும் இல்லை. அது குடித்துக்கொண்டிருந்தது.

இதை விளங்கிக்கொள்ள நெடுந்தீவின் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் முருகைக்கல்; கடற்பஞ்சு போலத் துளை துளையாக இருக்கும். மாரியில் பெய்யும் மழை அதற்குள் இறங்குகிறது. கீழே நான்கு பக்கத்துக் கடலும் ஏற்கெனவே ஊடுருவி நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசு. அதனால் இரண்டும் உடனே கலந்துவிடாமல், பாலில் ஆடை மிதப்பது போல, மழைத் தண்ணீர் மேலே ஒரு மெல்லிய படையாக மிதக்கும். அளவாகத் தோண்டினால் அந்த ஆடைக்குள் நிற்கலாம், தண்ணீர் இனிக்கும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் ஆடை கிழிந்து கடல் மேலே வரும். கோடையில் ஆடை இன்னும் மெலிந்துவிடும், கிணறுகள் உப்பாகிவிடும். மனிதர் குடிப்பதற்குச் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மாட்டுக்கும் குதிரைக்கும் யாரும் இயந்திரம் வைக்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் புல்தரையில் சில மாடுகள் விழுந்து எழும்பாமல் போகும். நான்கு மாட்டுப் பாரமுள்ள ஒருவன் மிதித்தால் கால் எவ்வளவு ஆழம் இறங்குமோ, அந்த ஆழம்தான் நன்னீர் நிற்கும் ஆழம். இதை யாரும் திட்டமிடவில்லை.

கோடை முற்றியபோது, படகு மாவிலித்துறையில் கட்டும் நேரத்துக்கே மாடுகள் வந்து நிற்கத் தொடங்கின. ஆரூரன் முன்னே நடப்பான். பதினெட்டு மாடும், பிறகு அயலாரின் மாடுகளும், குதிரைகளும் வரிசையாகப் பின்னே வரும். ஒவ்வொரு காலடியிலும் ஒன்று நின்று குடிக்கும். கந்தோர்ப் படியில் அவன் ஏறும்போது பின்னால் ஒன்றும் மிச்சம் இருக்காது. அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை மனம் இளகியிருக்கும், பாரம் குறைந்திருக்கும், மாடுகள் வாடியிருக்கும். ஆகவே அவன் எரிச்சலோடு போனதும் நல்லதுக்குத்தான் என்று அன்னமுத்து சொல்லித் திரிந்தாள். அது அவனுடைய காதில் விழுந்து அவனுக்கு இன்னும் எரிச்சல் ஏற்றியது.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், கட்டில் முனகிய பிறகு, அவன் குசினி வாசலில் வந்து நின்றான்.

“நான் வேலையை விடப் போறன்.”

“விட்டுட்டு?” என்றாள் நிலாந்தினி.

“தெரியாது.”

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. “எனக்கு மட்டும் போக ஆசை எண்டோ நினைக்கிறியள்? கிழமை முழுக்க அவ்வளவு பிள்ளையளின்ரை மூக்கையும் துடைச்சுப்போட்டு நிக்கிறன். காலமை எழும்பிக் கால் நிலத்தில வைக்க முன்னம் நானும் ஒருக்காக் கண்ணை மூடுறனான்.”

“உமக்குப் பாரம் ஏறேல்லையே. எனக்கு நடக்க ஏலாமல் கிடக்கு.”

அவள் அடுத்த பாதித் தேங்காயை எடுத்தாள். பதில் சொன்னவர் தகப்பன் கதிர்காமு. ஐம்பது வருசம் புகையிலை நட்டனான், பிடிச்சுதோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, புகையிலையும் கேக்கேல்லை என்றார். உத்தியோகத்தை விட்ட மகனோடு கோயில் திருவிழாவுக்கு எந்த முகத்தோடு போவது என்றும் கேட்டார். ஆனாலும் ஆரூரன் மறுநாள் நிருபனிடம் போய், மாத முடிவோடு நின்றுவிடுவதாகச் சொன்னான். நிருபன் பேனையை மூடி வைத்தார். உங்களுக்கு அந்தத் துணிவு இருக்கிறது என்று மெல்லச் சொன்னார்.

அடுத்த நாள் காலை பஸ் சாயவில்லை. படகில் அவன் கரையோர இருக்கையில் போய் இருந்தான், ஒருவர் மடியிலும் தண்ணீர் தெறிக்கவில்லை. கடல் பச்சையாக இருப்பதை அன்றுதான் முழுதாகப் பார்த்தான். புல்தரையில் அவனுடைய காலுக்குக் கீழே புல் வளைந்து நிமிர்ந்தது. மாடுகள் பின்னால் வந்தன. முதல் காலடியை முகர்ந்தன, வெறும் புல். அடுத்ததை முகர்ந்தன. பிறகு எல்லாம் நின்று அவனையே பார்த்தன. அவன் அதைக் கவனிக்கவில்லை, உதட்டைக் குவித்துச் சீக்கையடித்துக்கொண்டு போனான். அந்தக் கிழமை இரண்டு மாடுகள் விழுந்தன. அவற்றில் ஒன்று அன்னமுத்துவினுடையது.

சனிக்கிழமை அவள் நாரந்தனைக்கு வந்தாள். கணவனின் படகில் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ், வங்களாவடியிலிருந்து முச்சக்கரவண்டி. நெடுந்தீவை விட்டு அவள் வெளியே வந்து மூன்று வருடம். முற்றத்துக் கதிரையில் இருந்து, நிலாந்தினி கொடுத்த தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தாள்.

“தம்பி, நீர் சந்தோசமா இருக்கிறீராம் எண்டு கேள்விப்பட்டன்.”

“ஓம் அக்கா.”

“அதைக் கொஞ்சம் பொறுத்து இருக்கலாமோ? மழை வரட்டும்.”

ஆரூரன் எழுந்து கிணற்றடிவரை போய்த் திரும்பி வந்தான். “அக்கா, பிடிக்காத வேலைக்குச் சம்பளத்துக்காகப் போனனான். இப்ப பிடிக்காமல் இருக்கிறதே ஒரு வேலையாப் போச்சு. அதுக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.”

“எனக்கு விளங்குது. மாட்டுக்கு விளங்காது,” என்றாள் அன்னமுத்து. “நேற்று விழுந்தது செவலை. நல்ல பால் தந்தது. எழுப்பிப் பாத்தன், ஏலேல்லை.”

அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. மாட்டைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு, முச்சக்கரவண்டி காத்து நிற்கிறது என்று எழும்பிப் போனாள். மழை வரும்வரைக்கும் வேலையில் நிற்கிறேன் என்று ஆரூரன் அவளுடைய முதுகுக்குச் சொன்னான்.

ஞாயிறு பின்னேரம் கட்டில் முனகவில்லை. அதன் ஒரு கால் முறிந்தே போனது. முன்பு அவனுக்குப் பிடிக்காத வேலை ஒன்று. இப்போது இரண்டு. படகின் வெளிப்புறத்தில் சந்தியோகு ஒரு வெள்ளைக்கோடு கீறி வைத்திருந்தார், அதற்கு மேலே தண்ணீர் ஏறக்கூடாது. திங்களன்று தண்ணீர் கோட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறியது. புல்தரையில் ஆரூரனின் கால் இடுப்புவரை புதைந்தது, இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள். கிடங்குகளில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. மாடுகள் ஓடி வந்து வாய் வைத்தன, உடனே தலையை உதறின. கடல் உப்பு. நன்னீர் ஆடை கிழிந்துவிட்டது.

மறுநாள் சந்தியோகு அவனைப் படகில் ஏற்ற மறுத்தார். முந்தின படகில் வந்து குறிகட்டுவானில் நின்ற அன்னமுத்து ஏற்றத்தான் வேண்டும் என்றாள். பயணிகள் எல்லோரும் கேட்க அந்த வாக்குவாதம் நடந்தது.

“உன்ரை மாட்டுக்காக என்ரை படகைத் தாழ்க்கட்டோ?” என்றார் அவர்.

“மாடு செத்தால் பாலுக்கு உங்கட படகைக் கறக்கட்டோ?” என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவன் ஆரூரன் மட்டும்தான். அவன் இறங்குதுறைக் கட்டின் மேலே இருந்தபடி, இரண்டு பேர் தன்னுடைய வெறுப்பைப் பங்கு பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடையது என்று சொல்வதற்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. படகு அவனை விட்டுவிட்டுப் போனது. அடுத்த நாளும் விட்டுவிட்டுப் போனது. அவன் வீட்டில் நின்றான். முறிந்த கட்டிலுக்குக் கால் பொருத்தினான். வாழைக்குத் தண்ணீர் பாய்வதைப் பார்த்தான். நிருபன் தொலைபேசியில் கூப்பிட்டு, படகு ஏற்றாவிட்டால் நீங்கள் என்ன செய்வது, அது கடல் நிலைமை என்று வைத்துக்கொள்வோம் என்றார். வெள்ளிக்கிழமை சந்தியோகு அவனைத் தராசில் ஏற்றாமலே, கண்ணால் மட்டும் அளந்து, சாக்கைக் காட்டினார். படகு வெள்ளைக்கோடு வரை தாழ்ந்து நின்றது. புல்தரையில் கால் முழங்கால்வரை இறங்கியது. அன்னமுத்து குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். நல்ல தண்ணீர்.

அதிலிருந்து வழக்கம் உண்டானது. வேலைக்குத் தொடர்ந்து போனால் அவன் ஆழம் கூடி உப்பாகிவிடுவான். வீட்டில் அதிகம் நின்றால் ஆழம் குறைந்து வரண்டுவிடுவான். எத்தனை நாளுக்கு எத்தனை நாள் என்று கணக்கு வைக்க முயன்றவர்கள் தோற்றார்கள். கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் ஒரே காலையில் உப்பாகிவிடும். பிரதி எடுக்கும் இயந்திரம் பழுதானால் நல்ல தண்ணீர் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும். ஆகவே அளக்கும் கருவி அன்னமுத்துவின் நாக்கு ஒன்றுதான். ஈரமணல் கழிந்த பிறகு வரும் முதலாவது காலடியில் அவள் தொட்டு ருசி பார்ப்பாள். பிறகு கந்தோர் யன்னலுக்கு வந்து ஒரு சொல் சொல்வாள். “நல்ல தண்ணி” என்றால் அது வழமையான நாள். “காய்ஞ்சு போச்சு” என்றால் நிருபன் பழைய ஆண்டறிக்கைகளை எடுத்து அவனுக்கு முன்னால் வைப்பார். “உப்பு” என்றால் வந்த படகிலேயே வீட்டுக்கு. மற்ற உத்தியோகத்தர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பத்து மணித் தேநீருக்குப் பால் அன்னமுத்துவின் மாட்டிலிருந்து வருகிறது என்பதை நினைத்துப் பிறகு விட்டுவிட்டார்கள். தாங்கள் என்றைக்காவது உப்பாக இருந்தால் யார் ருசி பார்ப்பது என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள், அது பகிடி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

பாடசாலை விடுமுறையின் கடைசி நாளில், மறுநாள் முன்பள்ளி திறக்க இருந்தபோது, நிலாந்தினி அவனோடு நெடுந்தீவுக்கு வந்தாள், பார்க்க. அவன் முன்னே காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தான், அவள் குடையோடு சற்றுத் தள்ளிப் பின்னே வந்தாள், பிறகு மாடுகள் வந்தன. கடைசியில் வந்த அன்னமுத்து திடீரென நின்றாள். ஆரூரனின் கிடங்குகளுக்கு அருகே இன்னொரு வரிசை இருந்தது. சிறிய காலடிகள், விரல் ஆழம்தான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர் நின்றது, ஒரு கோழி குடிக்கிற அளவு. அன்னமுத்து தொட்டு நாக்கில் வைத்தாள்.

“பிள்ளை, இது உம்மடை. நல்ல தண்ணி,” என்றாள்.

ஆரூரன் திரும்பி வந்து குனிந்து பார்த்தான். விரலை விட்டு ஆழம் பார்த்தான். “எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னனான்,” என்றாள் நிலாந்தினி. “நீங்கள் அப்ப உங்கட பாரத்தைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்.”

அன்றைக்கு மாலை படகில் அவனுக்கு வழமைபோலப் பாரம் இல்லை. ஆனாலும் அவன் கரையோர இருக்கைக்குப் போகாமல் நடுவில், சாக்கில் போய் இருந்தான். அதன் பிறகு உப்பு என்று அனுப்பப்பட்ட நாட்களில், படகும் பஸ்ஸும் நேரத்துக்கு வந்தால், முன்பள்ளி முடியும் முன்பே அவன் அங்கே போய்விடுவான். நிலாந்தினி வீட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கல்லில் குந்தியிருந்து தண்ணீர் திரும்புவதைப் பார்ப்பாள். அவன் பிள்ளைகளின் மூக்குத் துடைப்பான். அந்த வேலையும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் ஏறிய பாரம் ஒரு சிறிய சுண்டால் அளந்த அரிசிக்கு மேலே போகவில்லை.

ஐப்பசி நடுவில் மழை வந்தது. இந்த முறை வஞ்சகமில்லாமல் பெய்தது. புல்தரை முழுவதும் தண்ணீர் நின்று, காலடிகள் எல்லாம் அதற்குள் மறைந்தன. மாடுகள் நின்ற இடத்திலேயே குடித்தன. மழை வரும்வரை என்று சொன்ன சொல் முடிந்துவிட்டது என்பது ஆரூரனுக்குத் தெரியும், அன்னமுத்துவுக்கும் தெரியும். அவன் நிருபனின் மேசைக்கு இரண்டு முறை போனான். இரண்டு முறையும் வேறு ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினான். அன்னமுத்து வழக்கம்போலக் காலையில் துறைக்கு வந்தாள், மழைக்குப் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. அவன் நடந்த வெள்ளத்தில் ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். எங்கே தொட்டாலும் மழைத் தண்ணீர்தான். பிறகு நிமிர்ந்து அவனுடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு யன்னலுக்குப் போனாள்.

“உப்பு,” என்றாள்.

நிருபன் வெளியே பெய்யும் மழையைப் பார்த்தார். நனைந்து நின்ற மாடுகளைப் பார்த்தார். சரி, நீங்கள் இந்தப் படகிலேயே போங்கோ ஆரூரன் என்றார். அது அப்படியே தொடர்ந்தது. தண்ணீர் தேவைப்படாத மாதங்களிலும் அவள் வந்து ருசி பார்த்தாள், அவர் அனுப்பினார், சந்தியோகு ஏற்றிக்கொண்டு போனார். மேலிடத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நெடுந்தீவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விடயத்தை விளக்க வேண்டியிருந்திருக்கும்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம், ஆரூரன் கட்டிலில் இருந்தபோது அது ஒருமுறை முனகியது. நிலாந்தினி தேநீரோடு வந்து வாசலில் நின்று அதைக் கேட்டாள்.

“இப்பவாவது வேலை பிடிக்குதோ?”

அவன் யோசித்தான். பொய் சொல்லக்கூடாது என்று யோசித்தான். “இல்லை.”

“நல்லது,” என்று தேநீரை அவனுடைய கையில் கொடுத்துவிட்டு அவளும் பக்கத்தில் இருந்தாள். “எனக்கும் இல்லை.”

கட்டில் இன்னும் ஒரு விரற்கடை இறங்கி, பொருத்திய காலில் நின்றது. மறுநாள் காலை படகு வெள்ளைக்கோடு வரை தாழ்ந்து, ஒரு பக்கமும் சாயாமல், நெடுந்தீவுக்குப் போனது.